பனிவண்டியின் முன்பாரமும் பின்பாரமும்

நம் ஊர்களில் மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய பெரியவர்கள் வண்டியில் மூட்டை ஏற்றும்போது ஒன்றைத் தவறாமல் கவனிப்பார்கள். எத்தனை மூட்டை என்பதை விட, எந்த மூட்டை எங்கே அமர்கிறது என்பதே அவர்களுடைய கவலை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அழுத்தும். அவை நடை தளரும். பின்பாரம் மிகுந்தாலோ ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும்; நுகம் கழுத்தை விட்டு மேலே தூக்கும்; பூட்டாங்கயிறு காளையின் தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். அப்பொழுது வண்டிக்காரர் புதிய வண்டி வாங்கப் போவதில்லை. கீழே இறங்கி, இரண்டு மூட்டைகளை முன்னே தள்ளி வைப்பார். காரியம் முடிந்தது. காசு ஒன்றும் செலவில்லை.

இந்த எளிய அறிவு காஷ்மீரத்துப் பனிமலையில் எங்களுக்குப் பயன்படும் என்று நாங்கள் நினைத்ததில்லை. ஆனால் பயன்பட்டது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் இருவர். கொங்கு நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்து, ஒரு நகரத்தில் இருசக்கர வண்டிகளைச் செப்பனிடும் சிறு பணிமனை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். வடக்கே குடியேறிய தமிழர் வீடுகளில் குளிர்காலம் வந்தால் ஊரிலிருந்து உறவினர் வருவதும், வந்தவர்கள் "பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று ஆசைப்படுவதும் உங்களுக்குத் தெரியாத செய்தியல்ல. சில குளிர்காலங்களுக்கு முன்பு எங்கள் வீட்டிலும் அந்த ஆசை பிறந்தது. எங்களில் ஒருவருடைய தமக்கையாரும் அவருடைய எட்டு வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு குல்மார்க்குக்குச் சென்றோம்.

பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்தது குல்மார்க். கோடையில் பசும்புல் வெளியாக விரிந்து கிடக்கும் அந்த இடம், குளிர்காலத்தில் ஒரே வெண்பட்டு விரிப்பாகிவிடும். அங்கே பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் ஒன்று ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டி. மோட்டார் சைக்கிளையும் படகையும் சேர்த்துப் பிசைந்தது போன்ற தோற்றம் அதற்கு. முன்னே சக்கரம் இல்லை. ஸ்கீ என்னும் இரண்டு சறுக்குக் கட்டைகள் இருக்கும். பின்னே, அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று முடிவின்றிச் சுழன்று பனியைப் பின்னுக்குத் தள்ளும். ஓட்டுபவர் கைப்பிடியைத் திருப்பினால் சறுக்குக் கட்டைகள் திரும்பும், வண்டியும் திரும்பும். கட்டைகள் பனியை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில்தான் இது உண்மை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று தமக்கையாரும் சிறுவனும் ஒரே வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னே அமர்ந்தார்கள். ஆளுக்கொரு வண்டி வைக்கலாம் என்று ஓட்டுநர் சொன்னார். "குழந்தைதானே, ஒரே வண்டி போதும்" என்று கூலியை மிச்சப்படுத்தியவர்கள் நாங்களே. அந்தக் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

சமவெளியில் வண்டி அழகாகச் சென்றது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஓட்டுநர் விசையைக் கூட்டினார். உடனே வண்டியின் மூக்கு, மிரண்ட குதிரையைப் போல மேலே எழுந்தது. இரண்டு சறுக்குக் கட்டைகளும் பனியை விட்டு ஒரு சாண் உயரம் தூக்கிக்கொண்டன. இடப்புறம் வளைய வேண்டிய இடம் அது. ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினார். கட்டைகள் காற்றில் திரும்பினவே ஒழிய, வண்டி திரும்பவில்லை. எதிரே ஊசியிலை மரங்கள் நின்றன. அவர் விசையை விட்டார். கட்டைகள் திரும்பிய நிலையிலேயே தொப்பென்று பனியில் விழுந்தன. வண்டி வெடுக்கென்று இடப்புறம் சாடியது. பின்னே இருந்த இருவரும் பனியில் உருண்டார்கள். பனி மெத்தையாக இருந்ததால் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் விழுந்த இடத்திற்கும் அருகிலிருந்த மரத்திற்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. சிறுவன் சிரித்தான். அவன் பாட்டியார் அன்று இரவு முழுவதும் பேசவில்லை.

மாலையில் அந்த ஓட்டுநர் எங்கள் விடுதியைத் தேடி வந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். வண்டி அவருடைய சொந்த வண்டி. கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டி. பின்பாரம் ஏறினால் மூக்குத் தூக்கும் நோய் வாங்கிய நாள் முதல் இருக்கிறதாம். கீழே சமவெளியில் ஒரு வியாபாரியிடம் கேட்டதற்கு, பின்புற சஸ்பென்ஷனை முழுவதும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னாராம். அந்தத் தொகை, பனி இருக்கும் சில மாதங்களில் அவர் ஈட்டும் வருவாயில் பாதிக்கு மேல். "நீங்கள் மெக்கானிக்குகள் என்று கேள்விப்பட்டேன், சாஹிப். வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டார். மறுநாள் திரும்புவதாக இருந்த நாங்கள் இரண்டு நாள் தங்கினோம்.

வழியைச் சொல்லுமுன், இந்த வண்டி பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்னும் யந்திர வல்லுநர் 1907-ஆம் ஆண்டு பிறந்தார். குளிர்காலத்தில் அவ்வூர்ச் சாலைகள் பனியில் மூழ்கிவிடும். 1934-ஆம் ஆண்டு அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் நோயால் துடித்தபோது, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. அந்தத் தந்தை சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. பற்சக்கரத்தால் சுழலும் பட்டையைப் பனிமீது செலுத்தும் முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். மருத்துவர்களும் பள்ளிக் குழந்தைகளும் தபாலும் அவருடைய வண்டிகளில் பனியைக் கடந்தன. ஒருவர் இருவர் ஏறும் சிறிய பனிவண்டியை 1959-இல் அவருடைய தொழிலகம் வெளியிட்டது. அவர் 1964-இல் மறைந்தார். உயிர் காக்கப் பிறந்த வண்டி இது. உயிருக்கு ஊறு செய்யாமல் அதை வைத்துக்கொள்வது நம் கடமை.

இனி, வண்டியின் பின்புறத்தைத் திறந்து பார்ப்போம். சுழலும் ரப்பர்ப் பட்டைக்குள்ளே, இரண்டு நீண்ட தண்டவாளங்கள் படுத்திருக்கின்றன. அவற்றின் அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். பட்டை இவற்றின்மீது வழுக்கிச் செல்லும். பனியே இங்கு எண்ணெய். இந்தத் தண்டவாளங்களை வண்டியின் உடலோடு இணைப்பவை இரண்டு கைகள்: முன்கை ஒன்று, பின்கை ஒன்று. முன்கையோடு நடு ஸ்பிரிங்கும் அதன் ஷாக் அப்சார்பரும் சேர்ந்திருக்கும். பின்கையைத் தாங்குபவை, பல வண்டிகளில், இருபுறமும் உள்ள முறுக்கு ஸ்பிரிங்குகள். முன்கை அளவுக்கு மேல் கீழே இறங்கிவிடாதபடி உறுதியான நார்வார் ஒன்று பிடித்திருக்கும். சில வண்டிகளில் இரண்டு வார்கள் இருக்கும். வாரில் வரிசையாகத் துளைகள் உண்டு. எந்தத் துளையில் போல்ட்டைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து வார் குட்டையாகவோ நெட்டையாகவோ அமையும். லிமிட்டர் வார் என்று இதைக் கூறுவர். எங்கள் கதையின் நாயகன் இந்த வாரே.

மூக்கு ஏன் தூக்குகிறது? பட்டை பனியைப் பின்னே தள்ளும் விசை தரைமட்டத்தில் பிறக்கிறது. வண்டியும் ஆட்களும் சேர்ந்த பாரத்தின் மையமோ இடுப்பு உயரத்தில் இருக்கிறது. கீழே முன்னோக்கி இழுத்தால் மேலே உள்ளது பின்னே சாயும்; பேருந்து திடீரென்று புறப்படும்போது நாம் பின்னே சாய்வது இதனால்தான். அப்போது முன்னே இருந்த பாரம் பின்னே இடம்பெயர்கிறது. மேட்டில் ஏறும்போதும் இதுவே நடக்கிறது. பின்னே ஒருவர் அமர்ந்திருந்தால் தொடக்கத்திலேயே முன்பாரம் குறைந்துவிடுகிறது. குல்மார்க்கின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு; சாதாரண யந்திரங்களின் ஆற்றல் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். எனவே அங்கே மூக்குத் தூக்குவதற்கு யந்திரத்தின் மிகுபலம் தலையாய காரணமன்று. சரிவும், பின்னே ஏறும் ஆளும், தளர்ந்த சஸ்பென்ஷனுமே காரணங்கள்.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். எண்கள் நாங்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 320 கிலோ என்று கொள்வோம். அதில் சறுக்குக் கட்டைகள் தாங்குவது 80 கிலோ. கட்டைகள் ஊன்றும் இடத்திற்கும், பட்டை ஊன்றும் மையத்திற்கும் இடைவெளி 120 சென்டிமீட்டர். பாரமையத்தின் உயரம் 60 சென்டிமீட்டர். இப்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் பட்டையின் ஊன்றுமையத்திற்கு 20 சென்டிமீட்டர் பின்னே அமர்கிறார். நெம்புகோல் விதிப்படி கட்டைகளின் பாரம் 10 கிலோ குறைந்து 70 ஆகும். 15 பாகைச் சரிவில் ஏறும்போது சாய்வின் காரணமாக அந்த 70 சுமார் 68 ஆகும். ஏற்ற விசையால் மேலும் 49 கிலோ பின்னே போகும். மிச்சம் 19. இந்த நேரத்தில், புவியீர்ப்பு வேகவளர்ச்சியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓட்டுநர் விசையைக் கூட்டினால் இன்னொரு 19 கிலோ பின்னே போய்விடும். கட்டைகளில் மிச்சம் ஒன்றுமில்லை. கைப்பிடி கையில் இருக்கிறது. வண்டி கையில் இல்லை. எங்கள் வண்டியிலோ பின்னே ஒருவர் அல்ல, இருவர் இருந்தார்கள்.

பட்டையின் ஊன்றுமையத்தை ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர், பின்னே தள்ள முடிந்தால் என்ன ஆகும்? பின்னே அமர்ந்தவர் சரியாக ஊன்றுமையத்திற்கு மேலே வந்துவிடுகிறார். இடைவெளி 140 ஆகிறது. கட்டைகளின் நிலைப்பாரம் 114 கிலோவாக உயர்கிறது. அதே சரிவு, அதே வேகவளர்ச்சி. எல்லாம் கழிந்த பின்னும் கட்டைகளில் ஏறத்தாழ 52 கிலோ நிற்கிறது. மாட்டுவண்டிக்காரர் மூட்டையை முன்னே தள்ளினார். நாமோ அச்சைப் பின்னே தள்ளுகிறோம். விளைவு ஒன்றே. ஒரு வாரைக் குறுக்குவதால் மட்டும் முழுச் சாண் கிடைத்துவிடாது. ஆயினும் வேலை எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது.

வார் நீளமாக இருந்தால், வண்டியின் உடல் பின்னே சாயும்போது முன்கை தாராளமாகக் கீழே நீளும், நடு ஸ்பிரிங் உடலை மேலே தள்ளும், பின் ஸ்பிரிங்குகள் அமிழும், மூக்கு எழும். வாரைக் குறுக்கினால் முன்கை நீள முடியாது. தண்டவாளமும் உடலும் ஒரே பலகைபோல் இணைந்து நிற்கும். மூக்குத் தூக்க வேண்டுமானால் பட்டையின் வால்முனையை ஊன்றுகோலாக வைத்து முழு வண்டியையும் தூக்க வேண்டும். அது எளிதன்று. வாரின் தந்திரம் இவ்வளவே.

எங்கள் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதைச் சொல்கிறோம். முதலில் சாவியை எடுத்து யந்திரம் தற்செயலாக இயங்காதபடி செய்தோம். பின்புறத்தைத் தூக்கி, உறுதியான மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கைவிடுவது எங்கள் பணிமனையில் அனுமதியில்லாத காரியம். பின்பு கண்ணால் பார்த்தோம். மூன்று உண்மைகள் தெரிந்தன. லிமிட்டர் வார் மிக நீளமான கடைசித் துளையில் இருந்தது. ஆழ்ந்த பனியில் விளையாட விரும்பிய யாரோ ஒரு பழைய உரிமையாளர் அப்படி வைத்திருக்க வேண்டும். முறுக்கு ஸ்பிரிங்குகள் மிக மென்மையான படியில் இருந்தன. தனி ஆளுக்கு அது சரி, பின்னே ஆள் ஏற்றுவதற்குச் சரியன்று. கைகளின் சுழல்முனைகள் கிரீஸ் கண்டு நெடுநாள் ஆகியிருந்தன. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லை. அவை நலமாகவே இருந்தன. மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டவை, மாற்ற வேண்டாதவையாக இருந்தன.

அடுத்து அளந்தோம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் சாதாரணத் தட்டு எடைக்கருவிகள் இரண்டை விடுதியிலும் பக்கத்துக் கடையிலும் இரவல் வாங்கினோம். ஒவ்வொரு சறுக்குக் கட்டையின் கீழும் ஒன்றை வைத்து, பட்டையின் அடியிலும் அதே உயரத்திற்குப் பலகை அடுக்கி வண்டியைச் சமமாக நிறுத்தினோம். ஓட்டுநர் தம் இடத்தில் அமர்ந்தார். பின்னிருக்கையில் ஆளுக்குப் பதிலாக 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டினோம். இரண்டு தட்டுகளும் சேர்ந்து 64 கிலோ காட்டின. பின்பக்கத்தின் உயரத்தையும் அளந்தோம்: பின்னைக் கையால் தூக்கி ஸ்பிரிங்குகள் முழுதும் நீண்டபோது ஓர் அளவு, ஓட்டுநரும் மூட்டையும் ஏறியபின் ஓர் அளவு. வேறுபாடு 15 சென்டிமீட்டர். ஓட்டுநர் ஏறியபின் பின்புறம் அமிழும் அளவு பல வண்டிகளில் 3 அல்லது 4 அங்குலம் இருக்கலாம் என்பர். எனினும் அந்தந்த வண்டியின் கையேடு கூறுவதே முடிவான அளவு. எப்படியாயினும் 15 சென்டிமீட்டர் அதிகம். எல்லா எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். எழுதாத அளவு, எடுக்காத அளவே.

முதல் வேலை, கிரீஸ். சுழல்முனைகளைத் துடைத்துப் புதுக்கிரீஸ் ஏற்றினோம். இறுகிய முனை ஸ்பிரிங்கை ஏமாற்றும். எந்தத் திருத்தமும் அதற்குப் பின்புதான் பொருளுடையது.

இரண்டாம் வேலை, வார். அது ஓரங்களில் நைந்திருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெல்ட்டை அறுத்து வாராகக் கட்டிவிடலாம் என்று ஓட்டுநர் யோசனை சொன்னார். நாங்கள் மறுத்தோம். ஒவ்வொரு குலுக்கலிலும் முன்கையின் முழு இழுப்பையும் தாங்குவது அந்த வார். அது ஓட்டத்தில் அறுந்தால், முன்பை விடப் பெரிய ஆபத்து. மிச்சம் பிடிக்கத் தகுந்த இடமும் உண்டு. தகாத இடமும் உண்டு. அவ்வண்டிக்குரிய புது வாரும் போல்ட்டுகளும் வரவழைத்தோம். ஒரு துளை மட்டும் குறுக்கிப் பொருத்தினோம். இரண்டு வார் உள்ள வண்டியானால் இரண்டையும் ஒரே துளையில் வைக்க வேண்டும். இல்லையேல் தண்டவாளம் கோணிக்கொள்ளும்.

மூன்றாம் வேலை, முறுக்கு ஸ்பிரிங். அவற்றின் முனை அமரும் படிக்கட்டையைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டிப்படும். இருபுறமும் ஒரே அளவாக ஒரு படி திருப்பினோம். முறுக்கு ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை மிகப் பெரிது. தகுந்த கருவியின்றி விரலால் தள்ளப் பார்த்தால் விரலுக்கே கேடு. பின்புறம் அமிழும் அளவு 10 சென்டிமீட்டராகக் குறைந்தது. தட்டுகள் இரண்டும் சேர்ந்து 86 கிலோ காட்டின. ஓட்டுநர் தட்டையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான்காவதாக, நடு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்த்தோம். முன்கை தாங்கும் பாரம் குறைந்தால், அந்தப் பாரம் முன்னே கட்டைகளுக்கும் பின்னே வாலுக்கும் பிரிந்து செல்லும் என்பது கொள்கை. கட்டைகளின் பாரம் கூடியது உண்மைதான். ஆனால் கைப்பிடி கனத்துவிட்டது. ஆகவே பழைய நிலைக்கே திருப்பினோம். சில வண்டிகளில் முன்கையும் பின்கையும் தனித்தனியே அசையும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு தடைக்கட்டைகள் உண்டு. அவற்றைத் திருப்பி வைப்பதாலும் பாரம் பின்னே ஓடுவதைக் குறைக்கலாம். அதற்கும் காசு செலவில்லை. கையேட்டைப் பார்க்கும் பொறுமைதான் செலவு.

கடைசியாகப் பட்டையின் இழுவிசையைச் சரிபார்த்தோம். சஸ்பென்ஷனைத் தொட்டால் பட்டையின் இறுக்கமும் மாறக்கூடும். தளர்ந்த பட்டை பற்சக்கரத்தில் தாவும், இறுகிய பட்டை ஆற்றலைத் தின்னும். சறுக்குக் கட்டைகளின் அடியில் உள்ள உலோகக் கீற்றுகளையும் தடவிப் பார்த்தோம். கீற்று மழுங்கியிருந்தால், கட்டை பனியைத் தொட்டாலும் பனியைப் பற்றாது. அவை போதுமானவையாக இருந்தன.

மறுநாள் காலை, ஆட்கள் இல்லாத ஒரு சரிவில் சோதித்தோம். பின்னே அரிசி மூட்டைதான். மனிதரை வைத்துச் சோதனை செய்வது எங்களுக்கு உடன்பாடில்லை. ஓட்டுநர் கையில் பாதுகாப்புக் கயிறு. அவர் விழுந்தால் யந்திரம் தானே நிற்கும். முதலில் மெல்ல, பிறகு சற்று விரைவாக, பிறகு முன்பு மூக்குத் தூக்கிய அதே விசையில் ஏறச் சொன்னோம். கட்டைகள் லேசாக மிதந்தன. ஆனால் பனியை விட்டு எழவில்லை. வளைவில் வண்டி கைப்பிடிக்குக் கீழ்ப்படிந்தது. ஓட்டுநர் மேலே போய்த் திரும்பி வந்து, யந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாரும் போல்ட்டும் கிரீஸும் சேர்ந்து ஆன செலவு 1,000 ரூபாய்க்குள் அடங்கியது.

இதிலும் அளவு மீறக் கூடாது. "ஒரு துளைக்கே இவ்வளவு நன்மையானால் மூன்று துளை குறுக்கினால் என்ன?" என்று ஓட்டுநர் கேட்டார். முன்பாரம் மிகுந்த மாட்டுவண்டி நினைவிருக்கிறதல்லவா? வாரை மிகக் குறுக்கினால் கைப்பிடி கனக்கும், தோள் நோகும். இறுகிய பாதையில் கட்டைகள் பழைய தடங்களைப் பிடித்துக்கொண்டு வண்டியை இங்குமங்கும் இழுக்கும். ஆழ்ந்த புதுப்பனியில் கட்டைகள் மிதக்காமல் புதையும். பட்டைமீது பாரம் குறைவதால் ஏற்றத்தில் பிடிப்பும் குறையும். முறுக்கு ஸ்பிரிங்கை மிகக் கெட்டியாக வைத்தால் பின்னே அமர்ந்தவரின் முதுகெலும்பு ஒவ்வொரு குழிக்கும் கணக்குச் சொல்லும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் ஒரு படி, ஓட்டிப் பார், எழுதி வை, பிறகு அடுத்தது. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து செத்திருந்தால் எந்தத் துளையும் அதைப் பிழைக்க வைக்காது. அப்போது செலவு செய்தே ஆக வேண்டும். சிக்கனம் வேறு, ஏமாந்துபோதல் வேறு.

இதை வானொலியில் சொல்லக் காரணம், நேயர்கள் எல்லோரும் பனிவண்டி பழுதுபார்க்கப் போகிறீர்கள் என்பதன்று. டெல்லியிலும் சண்டிகரிலும் ஜம்முவிலும் வாழும் நம்மவர் பலர் குளிர்காலத்தில் உறவினரை அழைத்துக்கொண்டு பனிமலைக்குப் போகிறீர்கள். அவ்வண்டியில் ஏறுமுன் நீங்கள் செய்யக் கூடியவை சில உண்டு. ஓட்டுநருக்குப் பின்னே ஒருவர் மட்டும் ஏறுங்கள். இயன்றவரை முன்னே நெருங்கி அமருங்கள். மேட்டில் ஓட்டுநர் முன்னே சாய்ந்தால் நீங்களும் சாயுங்கள். நீங்களே அங்கே மூட்டை. மூட்டை தானாக முன்னே நகர்வது எவ்வளவு நல்லது! பின்னே பை, பெட்டி தொங்கவிட வேண்டாம். சமதரையில் சிறிது தூரம் போய்ப் பார்த்த பின்பு ஏற்றத்துக்குப் போகலாம் என்று பணிவோடு கேளுங்கள். மெல்லப் புறப்படும்போதே மூக்குத் தூக்கும் வண்டியானால் இறங்கிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, எங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. கூலியை நெருக்கி நெருக்கிப் பேரம் பேசுகிறோம். கடைசியாகக் குறைத்த அந்த நூறு ரூபாய் எங்கிருந்து குறைகிறது என்று நாம் கேட்பதில்லை. நைந்த வாரை மாற்றாமல் விடுவதிலிருந்து அது குறையலாம்; கிரீஸ் போடாமல் விடுவதிலிருந்து குறையலாம். அன்று இரண்டு வண்டிக்குப் பதில் ஒரு வண்டி என்று மிச்சம் பிடித்தபோது, நாங்கள் மிச்சப்படுத்தியது எதை என்று மரத்தடியில் நின்றபோதுதான் தெரிந்தது.

புறப்படும் நாளில் அந்த ஓட்டுநர் வந்தார். எங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து அளவுகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கொட்டகைகளிலும் இதே நோயுள்ள வண்டிகள் இரண்டு மூன்று இருக்கின்றன என்றார். பின்பு எங்கள் தமக்கையாரிடம் சென்று, மீண்டும் ஒரு முறை ஏறுமாறு கேட்டுக்கொண்டார். அவர் சிறிது நேரம் யோசித்தார், வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பையன் வேறு வண்டியில் வரட்டும்" என்றார். ஏறி, முன்னே நெருங்கி அமர்ந்துகொண்டார். வண்டி அந்தச் சரிவில் ஏறி, அந்த மரத்தைச் சுற்றி இடப்புறம் வளைந்து, கண்ணுக்கு மறைந்தது. பனியில் சறுக்குக் கட்டைகளின் இரண்டு கோடுகளும் ஓரிடத்திலும் விட்டுப்போகாமல் மேலே வரையில் தெரிந்தன.